மேல இன்னும் கூப்பிடல

அட, எழுந்திரிக்காதீங்கம்மா. உக்காருங்க. மேல இன்னும் கூப்பிடல. கூப்பிட்டா நான் சொல்ல மாட்டேனா? நான்தானே உங்கள கூட்டிட்டுப் போகணும். வெளியாளுங்க தனியா மாடி ஏற முடியாது இந்தச் சட்டசபைக் கட்டடத்துல. உறுப்பினரோட ஆள் ஒருத்தர் கூட வரணும். எங்க ஐயாவோட ஆள் நான். அதுக்குத்தானே வாசல்லயே நின்னு உங்கள அழைச்சுக்கிட்டு வந்தேன். மேல குழுக் கூட்டத்துல இப்ப வேற ஏதோ விஷயம் ஓடிக்கிட்டிருக்கும். இவங்க பேச ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டாங்க. மைக்கக் கண்டா விடுவாங்களா?

அந்தக் கவர மடியிலயே வச்சிருக்கீங்களே, மேசை மேல வைங்க. மடங்கிடும். எக்ஸ்ரேதானே? ஓ, ரெண்டு இருக்கா. முன்னாடி எடுத்தது ஒண்ணு, இப்ப எடுத்தது ஒண்ணு. நல்லதாப் போச்சு. குழுவுல இருக்கறவங்க டாக்டரா என்ன, ஒண்ண மட்டும் காட்டினா அவங்களுக்கு என்ன புரியப் போகுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா பச்சப்புள்ளைக்கும் புரியும். ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவ பாக்கலாமா? குடுங்க... ம். இது பழசு. இது புதுசு. இந்தப் பக்கம் முழுக்க வெள்ளையா இருக்கே, இதுதானா... ம். உள்ள வச்சிருங்கம்மா. வச்சிருங்க. நான் பாத்துட்டேன்.

உங்க வீட்டுக்காரரு எத்தன வருஷமா கல்லு அறுத்தாரு? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தேவா. சமையலறை மேடைக்குப் போடற பலகைக்கல்லுதானே. தெரியும், நல்லாவே தெரியும். அவரு வேலை பாத்த அந்தக் கம்பெனி கல்லு போடாத வீடு ஏது இப்ப. இதோ, நான் டீ போடற இந்த மேடை கூட அவங்க கல்லுதான். ஓசி இல்லம்மா, ஐயா காசு குடுத்துத்தான் வாங்கினாரு, பில்லு இருக்கு. கொஞ்சம் விலை குறைச்சுக் குடுத்தாங்க. எல்லாருக்கும் குறைப்பாங்களாம்.

டீ குடிங்க, ஆறிடப் போகுது. சர்க்கரை போதுமா? பிஸ்கட் இருக்கு, எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க, காலையில எத்தன மணிக்குக் கிளம்பினீங்களோ என்னவோ. வீட்ல அவரப் பாத்துக்க ஆள் இருக்கில்ல? மாமியாரா. ஆக்சிஜன் மாத்தத் தெரியுமா அவங்களுக்கு? பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து மாத்துது. நல்ல பொண்ணு. இந்தக் காலத்துல அப்படி ஒரு அக்கம்பக்கம் அமையறதே பெரிய விஷயம்.

இன்னும் நேரம் இருக்கும்மா. கடிகாரத்தப் பாக்காதீங்க, அது ஓடவே ஓடாது.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நீங்க பேச வந்திருக்கற இந்தக் கல்லுத்தூசிச் சட்டத்தக் கொண்டு வந்ததே எங்க ஐயாதான். நிஜமாத்தான் சொல்றேன். இன்னைக்கு அவரு பேரச் சொன்னாலே உங்க ஆளுங்க மூஞ்சியத் திருப்பிக்கறாங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா ஆரம்பிச்சது அவருதான். அவரு முதல் தடவ ஜெயிச்சு வந்த புதுசு. சொல்லாமக் கொள்ளாம ஒரு பட்டறைக்குக் கிளம்பிட்டாரு, நானும் கூடப் போனேன். உள்ள போனா ஆளுக்கு ஆள் தெரியல. மாவு மில்லுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு மட்டும் சிவந்து, மத்ததெல்லாம் வெள்ளையா ஒருத்தர் வந்தாரு, ஐயாவுக்கு நாற்காலியத் துடைச்சுப் போட்டாரு. ஐயா உக்கார்றதுக்குள்ள மறுபடியும் வெள்ளை படிஞ்சிருச்சு. அந்த மனுஷனுக்கு வெக்கமாப் போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு மறுபடி துடைக்க வர்றாரு. ஐயா அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. திரும்பி ஆபீசுக்கு வந்ததும் ஷூவக் கழட்டி என் மேசை மேல வச்சாரு. துடைக்காத, இந்தச் சட்டம் எழுதி முடிக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்னாரு. வர்றவங்க எல்லாம் என்னய்யா இது, செருப்புக்கடை ஏதும் வச்சிருக்கியான்னு என்னைக் கேலி பண்ணாங்க. அந்த வாரமே எழுதி முடிச்சோம். எழுதினோம்னா, அவரு சொல்லச் சொல்ல டைப் அடிச்சது நான். காஞ்ச கல்ல அறுக்கக் கூடாது, தண்ணி விட்டுத்தான் அறுக்கணும், தூசி உறிஞ்சற மெஷின் வைக்கணும், மீறினாப் பட்டறைய மூடணும். மொத்தமே அவ்வளவுதான், ஆனா இன்னைக்கு வரைக்கும் நிறைவேறல. அடிச்சு முடிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நாமளும் ஒரு நல்ல காரியத்துல இருக்கோம்டான்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ, சரி, வர்றப்ப பால் வாங்கிட்டு வந்தீங்களான்னு கேட்டா. அது வேற.

என் வேலையா? உதவியாளர்னு வெளிய பலகையில போட்டிருக்கும். உண்மையில என் வேலை ஆளுங்கள உக்கார வைக்கறது. சிரிக்காதீங்க, அது ஒரு தொழில்மா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த அறைக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. ஐயா யாரப் பாக்கணும்னு நினைக்கறாரு, யாரப் பாக்க வேண்டாம்னு நினைக்கறாரு, யாரு நாளைக்கு வந்தாப் போதும்னு நினைக்கறாரு, அத நான் கண்டுபுடிக்கணும். அவரு வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாருன்னா இந்த ஆள் வேண்டாம். நாற்காலியப் பின்னால தள்ளினாருன்னா பேச்சு முடிஞ்சுது, கூட்டிட்டுப் போ. இத்தன வருஷத்துல அவரு சொல்லி நான் செஞ்சதுன்னு ஒண்ணு கிடையாது. சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிருப்பேன். மத்த உறுப்பினருங்க எல்லாம் எங்க ஐயாகிட்ட பொறாமையாக் கேப்பாங்க, இவன எங்கய்யா புடிச்சீங்கன்னு. அதக் கேட்டா எனக்குத் தலைகால் புரியாது.

வந்தவங்கள சும்மா உக்கார வைக்கவும் முடியாது. சும்மா உக்கார வச்சா எழுந்து கத்துவாங்க. டீ குடுக்கணும், வீட்ட விசாரிக்கணும், நம்ம வீட்டுக் கதையும் ரெண்டு சொல்லணும். அப்பத்தான் மனுஷன் கோவத்த மறந்துட்டு உக்காந்திருப்பான்.

இல்லம்மா, உங்கள எதுக்கு நான் அப்படி... நீங்க கூப்பிட்டு வந்தவங்க. உங்க பேரு பட்டியல்ல இருக்கு. சட்டம் வேணும்னு பேசறதுக்குப் பட்டறை வீட்லேருந்து வந்தது நீங்க ஒருத்தர்தான், தெரியுமா? மத்த பேரெல்லாம் கம்பெனி பக்கத்துல பேசறவங்க. மேனேஜரு, கணக்காளரு, நிபுணருங்க. நாலு எழுத்து பேருக்குப் பின்னாடி இருந்தா அவரு நிபுணரு.

அந்தக் கம்பெனியிலேருந்து இங்க ஒருத்தர் வருவாரு. நாங்க அவருக்கு வச்ச பேரு முட்டிவலி. அவருக்கு முட்டியில ஒரு கோளாறும் கிடையாது, துள்ளித் துள்ளி நடப்பாரு. எங்க ஐயாவுக்குத்தான் முட்டிவலி. ஆனா இந்த மனுஷன் எப்ப வந்தாலும் முதல் கேள்வி, ஐயாவுக்கு முட்டி எப்படி இருக்குன்னுதான். தைலம் கொண்டு வருவாரு. யாரோ ஒரு டாக்டரச் சொல்லுவாரு. அரை மணி நேரம் முட்டியப் பத்தியே பேசிட்டுப் போயிடுவாரு. இந்த ஆளுக்குக் கம்பெனி எதுக்குச் சம்பளம் குடுக்குதுன்னு நான் யோசிச்சிருக்கேன். கல்லப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. சட்டத்தப் பத்தி மூச்சு விட மாட்டாரு. வாய் சும்மா இருக்க மாட்டாம நானாவே ஒரு நாள் கேட்டேன், ஏன் சார், எங்க சட்டம் வந்தா உங்களுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையான்னு. சிரிச்சாரு. ஐயாவுக்குத் தெரியாததான்னாரு. அவ்வளவுதான்.

லஞ்சமா? சேச்சே. லஞ்சம்னா எங்களுக்கு அடையாளம் தெரியும்மா. ரோடு போடற ஒருத்தர் ஒரு தடவ பழக்கூடை கொண்டு வந்தாரு. தூக்கினா கனம் பழத்தோட கனமா இல்ல. ஐயா கண்ணாடியக் கூடக் கழட்டல, அதுக்குள்ள நான் கூடைய அந்த ஆள் கையிலயே குடுத்து, தோள்ல கை போட்டு, வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். நாங்க அப்படிப்பட்டவங்க. இன்னைக்கும் யாரும் எங்க ஐயாவப் பாத்து லஞ்சம் வாங்கினான்னு சொல்ல முடியாது. எங்களுக்கு வந்தது வேற மாதிரி வந்துச்சு.

ரெண்டாவது தேர்தல். எதிர்ல நின்னவரு பணத்தத் தண்ணியா இறைக்கறாரு. எங்ககிட்ட போஸ்டர் ஒட்டற பசைக்குக் காசில்ல. மைக் செட்டுக்காரர் என் போன எடுக்கல, பழைய பாக்கி. ஐயா நடந்தே தெருத்தெருவாப் போனாரு, அந்த முட்டிய வச்சுக்கிட்டு. தோத்துருவோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அப்பத்தான் கம்பெனி நன்கொடை குடுத்துச்சு. தேர்தல் நிதிக்கு. முறையா, பேங்க் வழியா, ரசீதோட. யாரு வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம், ஒளிவு மறைவு இல்ல. சட்டப்படி குண்டூசி முனையளவு தப்பு கிடையாது. எதிர்ல நின்னவருக்கும் அவங்களே குடுத்தாங்க, அது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

ஜெயிச்சோம். ஜெயிச்ச மறுநாள் முட்டிவலி வந்தாரு. சரி, இன்னைக்கு ஆள் வாயத் திறப்பான், என்ன கேக்கறான் பாப்போம்னு நான் கதவுகிட்டயே நின்னேன். ஒண்ணும் கேக்கல. இவ்வளவு தெரு நடந்தீங்களே ஐயா, முட்டி வீங்கலையான்னாரு. ஐயாதான் பாவம், தாங்காம அவரே கேட்டாரு, உங்களுக்கு நான் ஏதாவது செய்யணுமான்னு. அதெல்லாம் என்னங்க ஐயா, நீங்க நல்லா இருந்தாப் போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு அவரு இந்தச் சட்டத்த விட்டுடுங்கன்னு கேட்டிருந்தாருன்னா ஐயா அவர வெளிய போகச் சொல்லியிருப்பாரு. கத்தியிருப்பாரு. எனக்கு அவரத் தெரியும். கேக்காதவன்கிட்ட முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது?

அதுக்கப்புறம் எதுவும் பெருசா நடக்கல. அதான் சொல்றேன், நடந்ததுன்னு காட்ட ஒண்ணும் இல்ல. முட்டிவலி வந்தா நான் உக்கார வைக்கறத நிறுத்திட்டேன். இந்த நாற்காலியில உங்கள மாதிரி யாராவது மனுவோட காலையிலேருந்து உக்காந்திருப்பாங்க, அவரு வருவாரு, நான் எழுந்து கதவத் திறந்து விடுவேன். ஐயா அப்படிச் செய்யச் சொன்னாரான்னா, இல்ல. உக்கார வச்சா நல்லா இருக்காதேன்னு எனக்கே தோணுச்சு. ஐயா பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. முதல்ல, அவங்க பக்கத்தையும் ஒரு வார்த்த கேக்கணும் இல்லன்னாரு. சரிதானே, யாரா இருந்தாலும் கேக்கணும். அப்புறம், சின்னப் பட்டறைங்க தாங்குமான்னாரு. அப்புறம், ஆயிரம் பேரு வேலை போயிட்டா என்னடா பண்றதுன்னு என்னையே கேட்டாரு. நான் என்ன சொல்றது? ஆமாங்க, அதையும் பாக்கணும்தானேன்னேன். இப்ப என்னன்னா, ஒரு ஆய்வு நடத்தி, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எடுத்துக்கலாம்னு ஒரு திருத்தம் வந்திருக்கு. அதுக்குத்தான் இன்னைக்கு மேல கை தூக்கறாங்க. அந்தத் திருத்தத்தையும் டைப் அடிச்சது நான்தான். அதே மெஷின், அதே விரலு.

ஐயா எந்தப் பக்கம் கை தூக்குவாருன்னா... அது கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாதும்மா. குழு ரெண்டாப் பிரிஞ்சு சரிபாதியா நிக்குது. அவரு கைதான் மிச்சம். அவரு சரியாத் தூங்கியே நாளாச்சு.

எனக்குப் பொண்ணு ஒண்ணு இருக்கு. ஒரே பொண்ணுதான். நல்லாப் படிக்கும், அவங்க அம்மா மாதிரி. முட்டிவலி ஒரு நாள் இங்க வெளிய என்கூட நின்னு டீ குடிச்சிக்கிட்டே, பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். எங்க கம்பெனியில கூட ஆள் எடுக்கறாங்க, மனு போடச் சொல்லுங்களேன், எல்லாரும் போடற மாதிரிதான்னாரு. போட்டா. பரீட்ச எழுதினா. அவளுக்கு மார்க் இருந்துச்சும்மா, சிபாரிசு இல்ல, நான் யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. கிடைச்சிருச்சு. நல்ல சம்பளம், கண்ணாடி வச்ச ஆபீசு, பட்டறைப் பக்கமே போக வேண்டாம். முதல் நாள் அவ வேலைக்குக் கிளம்பினப்ப என் பொண்டாட்டி தெருவுல நின்னு அழுதா, சந்தோஷத்துல. முட்டிவலி அதப் பத்தி அப்புறம் பேசவே இல்ல. பொண்ணு நல்லா இருக்கான்னு கூடக் கேக்கல. நான்தான் போற வழியில அவருக்கு லிஃப்டுப் பொத்தான அமுக்கி விட்டேன். எனக்கு அதுக்கு முன்னாடி அந்தப் பழக்கம் கிடையாது.

உங்களுக்குப் பசங்க? இல்லையா. சரி, சரி. தப்பாக் கேட்டுட்டேன். தம்பி இருக்கானா? என்ன வயசு? நீங்கதான் வளத்தீங்களா. பிள்ளைக்குப் பிள்ளையா. நல்லது. என்ன பண்றான்?

அதே பட்டறையிலயா?

இப்பவுமா? உங்க வீட்டுக்காரரு நின்ன அதே மெஷின்ல. தண்ணி விட்டு அறுக்கறாங்களா? ஏன் கேக்கறேன் நான், விட்டா நீங்க எதுக்கு இங்க வர்றீங்க. இருமல் வந்திருச்சா? ராத்திரியில மட்டும். ம். டாக்டர்கிட்ட காட்டச் சொன்னா, வேலை போயிடும்னு பயப்படறான்.

நான் நினைச்சேன், நீங்க உங்க வீட்டுக்காரருக்காக வந்திருக்கீங்கன்னு. அவருக்கு இனிமே எந்தச் சட்டம் வந்தும் என்ன ஆகப் போகுது, பாவம், மனசு ஆறுறதுக்காக வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். தம்பி இருக்கறத நீங்க முதல்லயே சொல்லலையே. இல்ல, உங்களச் சொல்லல. நான் கேக்கல. எல்லாத்தையும் கேட்டேன், அத கேக்கல.

இருங்க, போன். ஒரு நிமிஷம்.

ஹலோ. ஆமாங்க. நான்தாங்க. இல்லைங்க... இன்னும் வரலைங்க. பாத்துட்டேங்க, வாசல்லயும் பாத்துட்டேன். தெரியலைங்க, பஸ்சு கிஸ்சு தாமதமா இருக்கும். ஆமாங்க. இல்லைங்க, வந்தா உடனே. சரிங்க. சரிங்கய்யா.

உங்கள இல்லம்மா. வேற ஒருத்தரத் தேடறாங்க. உக்காருங்க. ஐயான்னு சொன்னதால கேக்கறீங்களா? இங்க எல்லாரும் ஐயாதான். லிஃப்டுக்காரரக் கூட நான் ஐயான்னுதான் கூப்பிடறேன். வாய்ப்பழக்கம்.

இன்னொரு டீ போடட்டுமா? வேண்டாமா. தண்ணி? எனக்கு வேணும், தொண்டை காஞ்சு போச்சு. பேசிப் பேசியே.

மேல போனா நீங்க என்ன பேசுவீங்க? ஒத்திகை பாத்துட்டு வந்தீங்களா? சொல்லுங்களேன், கேப்போம்... ம்... ம். கடைசியில அத மட்டும் விட்டுடாதீங்க, தம்பி இப்ப இந்த நிமிஷம் அங்க நின்னு அறுத்துக்கிட்டிருக்கான்னு சொன்னீங்களே, அது. அந்த ஒண்ணு போதும்மா. எக்ஸ்ரே கூட வேண்டாம். அதச் சொல்லிட்டு நீங்க அவங்களப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா தள்ளி வைக்க எந்த மனுஷனுக்கும் கை எழும்பாது. எனக்கே... நல்லாப் பேசறீங்கம்மா. உண்மையாச் சொல்றேன். ரொம்ப நல்லாப் பேசறீங்க.

அழாதீங்க. நான் அழலை, எனக்கு இந்தக் கண்ணுல எப்பவும் தண்ணி வரும்.

நான் கெட்டவன் இல்லம்மா. ஏன் சொல்றேன்னா, சும்மாத் தோணுச்சு. நான் யாருகிட்டயும் அஞ்சு காசு வாங்கினதில்ல. எங்க ஐயாவும் வாங்கினதில்ல. சினிமாவுல வர்ற மாதிரி, ராத்திரியில பெட்டி கைமாறும், ஒருத்தன் சிரிப்பான்னு நீங்க நினைச்சுக்கிட்டிருப்பீங்க. அப்படி இருந்தா எவ்வளவோ தேவல. பெட்டியத் திருப்பிக் குடுத்துடலாம். நல்லா இருக்கணும்னு நினைக்கறவன என்ன பண்றது? அடுத்த தேர்தல் வருது. ஐயா இன்னைக்கு எதிரா நின்னாருன்னா கம்பெனி சண்டைக்கா வரும்? வராது. மரியாதையா ஒதுங்கிக்கும். ஐயா தோப்பாரு, இந்த அறையில வேற ஒருத்தர் வந்து உக்காருவாரு. எனக்கு இந்த வயசுல வேற என்ன வேலை தெரியும்? பொண்ணயும் யாரும் போகச் சொல்ல மாட்டாங்க. ஆனா அடுத்த வருஷம் ஆட்குறைப்புன்னு ஒண்ணு வரும், அதுல அவ பேரு இருக்கும், ஏன்னு கேக்க முடியாது. இப்படியெல்லாம் நடக்கும்னு யாரும் மிரட்டல. நானே ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டது.

சத்தமா? ஆமா, படியில ஆளுங்க இறங்கறாங்க. நிறையப் பேருதான். அந்த நரைச்ச தாடிக்காரர் குழுத் தலைவரு. பின்னாடி வர்றவங்க உறுப்பினருங்க. அந்தச் சாம்பல் கலர் கோட்டு எங்க ஐயா.

ஆமாம்மா. உங்க குழுதான். முடிஞ்சிருச்சு.

இல்ல, நாளைக்கு இல்ல. தள்ளி வச்சாச்சுன்னு ஐயா தலை குனிஞ்சு போறதப் பாத்தாலே தெரியுது. இனி ரெண்டு வருஷம் கழிச்சு, ஆய்வு முடிஞ்சு. முடிஞ்சா.

கூப்பிட்டாங்கம்மா. உங்க பேர எப்பவோ கூப்பிட்டாங்க. ஆள் இல்லன்னா கொஞ்ச நேரம் பாப்பாங்க, அப்புறம் வரவில்லைன்னு எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க. அதான் இங்க முறை. இப்ப மேல ஓடிப் போய் என்ன பிரயோஜனம்? அறையப் பூட்டிக்கிட்டிருப்பாங்க.

உங்கள இங்கயே உக்கார வைக்கச் சொல்லிக் கம்பெனி சொல்லலம்மா. முட்டிவலி இந்தப் பக்கம் வந்தே ஒரு மாசம் ஆச்சு. என் பொண்ணுக்கு நீங்க ஒருத்தர் இருக்கறதே தெரியாது. ஐயாவா? காலையில கார்ல ஏறினதும் அவரு என்கிட்ட சொன்ன முதல் வார்த்த, அந்தம்மா வந்ததும் நேரா மேல கூட்டிட்டு வந்துடு, அவங்க வந்து எதிர்ல நின்னுட்டாங்கன்னா என்னால தள்ளி வைக்கக் கை தூக்க முடியாதுன்னு. சரிங்கன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றாரு, மனசுக்குள்ள வேண்டாம்னுதான் இருக்கும்னு எனக்கு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். இத்தன வருஷமா அவரு மனசப் படிச்சவன் இல்லையா நான். அப்புறம் போன்ல கேட்டாரு பாருங்க, வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு ரெண்டு தடவ. அந்தக் குரலக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு, நிஜமாத்தான் கேக்கறாரு, நீங்க வரணும்னு கெஞ்சறாருன்னு. தெரிஞ்சும்தான் சொன்னேன், இன்னும் வரலைங்கன்னு. தம்பியப் பத்தி நீங்க சொல்லி முடிச்ச அப்புறம் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னேன்.

யாரும் சொல்லலம்மா. நானாத்தான்.